விரலா, தகலா? ஈத்தம்பழத்தின் கிரேக்கப் பெயர்

நோன்பு திறக்க உட்கார்ந்திருந்த வேளையில் மகள் கேட்டாள்: “வாப்பா, ஈத்தம்பழத்துக்கும் திகதிக்கும் இங்கிலீசுல ஒரே பேர் எப்பிடி வந்த?”

இரண்டும் வேறு வேறு சொற்கள். திகதியைக் குறிக்கும் ‘டேட்’, ‘கொடுக்கப்பட்டது’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. பழத்தின் பெயரோ ‘டக்டுலோஸ்’ என்ற கிரேக்கச் சொல், இலத்தீனுக்கும் பழைய பிரெஞ்சுக்கும் போய் ஆங்கிலத்தை அடைந்தது. டக்டுலோஸ் என்றால் விரல். “பழம் விரல் மாதிரி இருக்கே, அதுதான்” எண்டு சொல்லி முடித்துவிட்டேன்.

அந்தப் பதில் பிறகு மனதை உறுத்தியது. பழைய கிரேக்கர் பேரீச்ச மரத்தை ‘பொய்னிக்ஸ்’ என்றனர். கி.மு. 401இல் கூலிப்படையோடு பாபிலோன் பகுதிக்குச் சென்ற செனபோன், ‘அனபாசிஸ்’ என்ற தமது நூலில் அதன் பழத்தை ஓக் மரக் கொட்டையின் பெயரான ‘பலனோஸ்’ என்ற சொல்லால் குறிக்கிறார். கிரேக்கத்தில் கிடைப்பது போன்ற பழம் அங்கே வேலையாட்களுக்கு ஒதுக்கப்பட்டதென்றும், பொறுக்கியெடுத்த நல்ல பழமே எஜமானர்களுக்குரியதென்றும் எழுதுகிறார். அங்கே விரல் என்ற பேச்சே இல்லை.

அறபியில் தரம் குறைந்த ஈத்தம்பழத்துக்கு ‘தகல்’ என்று பெயர். அறமேய மொழியில் ‘திக்லா’ என்றால் பேரீச்ச மரம். இத்தகைய ஒரு செமித்தியச் சொல்லைக் கேட்ட கிரேக்கர், அதைத் தமக்குப் பழகிய ‘டக்டுலோஸ்’ ஆக்கிக்கொண்டனர் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. விரல் கதை பின்னர் ஒட்டிக்கொண்டது. 1753இல் லின்னேயஸ் இம்மரத்துக்குச் சூட்டிய ‘பீனிக்ஸ் டக்டிலிபெரா’ என்ற பெயரிலும் அந்த விரல் நிலைத்துவிட்டது.

தகல் நமக்குப் புதிய சொல் அல்ல. வயிறு நிரம்பத் தகல்கூடக் கிடைக்காத நாட்கள் நபி (ஸல்) அவர்களுக்கு இருந்ததை நுஃமான் இப்னு பஷீர் (ரழி) நினைவுகூரும் ஹதீஸ், ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. ஏழையின் தட்டிலிருந்த அந்தச் சொல்லின் உறவுதான் ஐரோப்பியரின் மேசைப் பழத்துக்கும் பெயராயிற்று என்றால், அதை வெறும் ‘விரல்’ என்று சொல்லிக் கடந்துபோவது நம் பங்கை நாமே மறப்பதாகும்.

இன்றைய கிரேக்கர் ‘குர்மாஸ்’ என்கிறார்கள். பாரசீகக் ‘குர்மா’, துருக்கி வழியே அங்கு போனது. நம் மலாய்ச் சகோதரர்களின் ‘குர்மா’வும் அதே சொல்தான்.

அடுத்த நாள் நோன்பு திறக்கையில் மகளிடம் சொன்னேன்: “நேத்து வாப்பா சொன்ன பாதிதான் மகள். மிச்சத்தையும் கேளுங்க.”