அகமதாபாத் மாதர் கண்ட வங்கி

அகமதாபாத் என்றதும் நம்மவர் நினைவில் எழுவன நூலாலைகளே. அவ்வாலைத் தொழிலாளர் சங்கத்தை 1920-இல் தோற்றுவித்தோருள் அனசூயா சாராபாய் என்னும் மாதரசியும் ஒருவர். அச்சங்கத்தின் மகளிர் பிரிவை நடத்திவந்த இலா பட் அம்மையார், 1972-இல் காய்கறி விற்போர், சுமை தூக்குவோர் முதலிய பெண்களுக்கென 'சேவா' என்னும் தனிச் சங்கம் கண்டார். முதலாளியே இல்லாதவர்க்குச் சங்கம் எதற்கு என்று அதிகாரிகள் வினவினராம்!

அப்பெண்களின் வருவாயை வட்டி விழுங்கிற்று. ஆகவே 1974-இல் 4,000 பெண்கள் தலைக்கு 10 ரூபாய் பங்குப் பணம் செலுத்திக் கூட்டுறவு வங்கி அமைத்தனர். எழுத்தறியாதார் வங்கி நடத்துவதா எனப் பதிவாளர் தயங்கவே, பொறுப்பேற்ற பெண்கள் இரவெல்லாம் கண்விழித்துத் தம் பெயரெழுதப் பழகி, மறுநாள் கையொப்பமிட்டனர். நம் வாயிலில் கூடை இறக்கும் பெண்ணை ஒத்தவரே அவரும்.

1981-இல் ஆலைத் தொழிலாளர் சங்கம் சேவாவை விலக்கியது. வங்கியோ நிலைத்தது, அதன் முதல் அப்பெண்களுடையதே அன்றோ?