விமானி லைசென்சுக்கு எல்லை பிறந்த கதை

அமெரிக்காவில் 250 மணி நேரம் பறந்து, கமர்ஷியல் பைலட் லைசென்சோடு ஊர் திரும்பிய பையன் மறுவாரமே பரீட்சைக்குப் புத்தகத்தை விரிக்கிறான். வீட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “அதான் அங்கேயே பாஸ் பண்ணிட்டியே, திரும்ப எதுக்கு?” அதற்குப் பதில் தேடினால் நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

ஆரம்பத்தில் லைசென்ஸ் சர்க்கார் விவகாரமே இல்லை. ஏரோ கிளப்புகள்தான் கொடுத்தன. பிரான்சில் முதல் எண் லூயி பிளேரியோவுக்கு. பிரிட்டனில் 1910-இல் மூர்-பிரபசானுக்கு. எட்டு போல வளைந்து வளைந்து பறந்துகாட்டி, குறித்த இடத்துக்குப் பக்கத்தில் இறங்கினால் போதும். பிரிட்டிஷ் கிளப் கொடுத்தது புகைப்படம் ஒட்டிய சின்னக் கைப்புத்தகம். உள்ளே பல மொழிகளில் ஒரே வேண்டுகோள்: இதை வைத்திருப்பவருக்குப் போலீசார் உட்பட எல்லா அதிகாரிகளும் ஒத்தாசை செய்யவும். எஞ்சின் நின்று யாருடைய வயலிலோ இறங்குகிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்! 1929 பிப்ரவரி 10-இல் ஜே.ஆர்.டி. டாடா வாங்கிய, இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் லைசென்சும் ஒரு ஏரோ கிளப் கொடுத்ததுதான்.

ஆனால் அதற்குள் முதல் உலகப் போர் வந்து போயிருந்தது. ஆகாயத்திலிருந்து குண்டு விழும் என்று கண்டுகொண்ட நாடுகள், 1919 அக்டோபரில் பாரிசில் ஓர் ஒப்பந்தம் போட்டன. நிலம் யாருடையதோ, மேலே உள்ள வானமும் அவருடையது. விமானம் எந்த நாட்டில் பதிவானதோ, அந்த நாடு கொடுத்த அல்லது அது செல்லும் என்று ஏற்ற லைசென்ஸ்தான் விமானியிடம் இருக்க வேண்டும். கூடவே இன்னொரு பிடி: தன் குடிமகன் வேறு நாட்டில் லைசென்ஸ் வாங்கிவந்து தன் வானத்தில் பறந்தால், அதை ஏற்க மறுக்கலாம். உள்ளூரில் தேறாதவன் பக்கத்து ஊரில் சீட்டு வாங்கி வந்துவிடுவானோ என்ற பயம்தான் இதற்குக் காரணம் என்று எனக்குப் படுகிறது.

1944 டிசம்பர் 7-இல் கையெழுத்தான சிகாகோ ஒப்பந்தம், 32-ஆவது பிரிவில் இந்த இரண்டு லைசென்ஸ் விதிகளையும் ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. பாரிஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டும் உறுதிசெய்யாமல் விட்ட அமெரிக்காவும் இதற்குள் வந்தது. ‘செல்லும் என்று ஏற்ற’ என்ற அந்த வாசகம்தான் வெளிநாட்டு விமானியைக் கொஞ்ச காலத்துக்கு அனுமதிக்கும் வழியைத் திறந்துவிட்டது. நிரந்தரமாக ஓட்ட வேண்டுமானால் கன்வர்ஷன்: அந்த நாட்டு லைசென்சையே வாங்க வேண்டும். வி.டி. என்று எழுத்துத் தாங்கிய நம்மூர் விமானத்துக்கு, இந்தியாவின் விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ கொடுக்கும் லைசென்ஸ்.

இது வெறும் வீம்பு இல்லை. காக்பிட்டில் உயரமானியைப் பாருங்கள். அமெரிக்காவில் அதில் வைக்க வேண்டிய காற்றழுத்தத்தை அங்குலத்தில் சொல்வார்கள், அங்கே 29.92 என்பது இங்கே 1013 ஹெக்டோபாஸ்கல். அங்கே 18,000 அடியில் அந்த அளவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், நாடு முழுக்க ஒரே விதி. இங்கே அந்த உயரம் விமான நிலையத்துக்கு விமான நிலையம் மாறும். ஆகவே கன்வர்ஷனுக்கு விதிமுறைத் தாளை எழுதச் சொல்வது நியாயம். காற்றும் மேகமும் இரண்டு நாட்டிலும் ஒன்றுதானே, வானிலையையும் வழிகாண் கணக்கையும் மறுபடி எழுதவைப்பது மட்டும் எனக்கு அதிகப்படியாகத்தான் தெரிகிறது.

அதெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர்கள் பிரிட்டனைக் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகியதில், 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டிஷ் லைசென்ஸ் ஒன்றியத்தில் பதிவான விமானங்களுக்குச் செல்லாமல் போனது. முன்கூட்டியே மாற்றிக்கொள்ளாதவர்களுக்கு அந்நிய நாட்டவரின் வழிதான்.

பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள், இங்கே எழுத வேண்டிய தாள்களின் பாடத்திட்டத்தையும் பெட்டியில் வைத்து அனுப்புங்கள்.