காலந்தாழ்ந்து வரும் பதக்கங்கள்

போர் முடிந்ததும் படைகள் கலைகின்றன; கொடிகள் இறக்கப்படுகின்றன; ஒப்பந்தங்கள் கையெழுத்தாகின்றன. ஆயினும் ஒரு கணக்கு மட்டும் எளிதில் முடிவதில்லை. எவர் எங்கே நின்றார், எத்தனை நாள் நின்றார், அவருக்கு நாடு என்ன தந்தது என்னும் கணக்கே அது. அறுபது ஆண்டுகளுக்கு முன் துப்பாக்கி ஏந்திய கையால், முதுமையின் நடுக்கத்தோடு ஒருவர் அரசுக்கு விண்ணப்பம் எழுதுகிறார். தமக்கு உரிய பதக்கம் ஒன்று வந்து சேரவில்லை என்கிறார். அல்லது தாம் பெற்றதற்கு மேலும் ஒன்று தமக்கு உரியது என்கிறார். இதனை முதியவரின் வீண் ஆசை என்று சிரித்து ஒதுக்குவோர் உண்டு. அவ்வாறு ஒதுக்கத் தகுமா என்று ஆராய்வதற்கு ஜொகூர் மாநிலத்தின் பொந்தியான் கரையே நமக்கு ஏற்ற இடமாக அமைகிறது.

பொந்தியான் என்றதும் அன்னாசியும் தென்னையும் கூக்குப் மீனவர் குடியிருப்பும் நம் நினைவிற்கு வரும். மலாக்கா நீரிணையை நோக்கி நிற்கும் இந்தச் சதுப்புக் கரை, ஒரே தலைமுறையில் இருமுறை போரைக் கண்டது. 1942 ஜனவரி இறுதியில், பத்து பகாட்டிலிருந்து செங்காராங், ரெங்கிட், பெனுட் வழியாகப் பொந்தியான் கிச்சிலுக்கு வரும் கரையோரச் சாலையை ஜப்பானியக் காவற்படைப் பிரிவினர் இடைமறித்தனர். பின்வாங்கி வந்த பதினோராம் இந்தியப் படைப்பிரிவைச் சேர்ந்த வீரர்கள் அங்கே சிக்கினர். தரைவழி அடைபடவே, இருநூறு அல்ல, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இரவுக்கு இரவு சிறு கப்பல்களில் ஏற்றப்பட்டுச் சிங்கப்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கும் அவர்களுக்கு அமைதி கிட்டவில்லை. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது அவர்கள் சிறைப்பட்டனர்.

இரண்டாவது போர் 1964இல் வந்தது. 1963 செப்டம்பர் 16 அன்று மலேசியா உருவானதை ஏற்க மறுத்த இந்தோனேசிய அதிபர் சுகர்ணோ, அதனை நசுக்கப் போவதாக முழங்கி வந்தார். 'கொன்ஃபிரன்தாசி' என்று நம் நாட்டார் வழங்கும் அப்பகைமை முதலில் போர்னியோ எல்லைக் காடுகளில் நிகழ்ந்தது. 1964 ஆகஸ்ட் 17 அன்று, இந்தோனேசியாவின் விடுதலை நாளிலேயே, ஏறத்தாழ நூறு பேர் கொண்ட படை நீரிணையைக் கடந்து பொந்தியான் பகுதிக் கரையில் இறங்கிற்று. உள்ளூர் மக்கள் தம்மை வரவேற்று எழுவர் என்று அவர்கள் எண்ணினர், அவ்வெண்ணம் பொய்த்தது. சதுப்பிலும் தோட்டங்களிலும் தேடுதல் நடந்து, வந்தவர்களுள் பெரும்பாலோர் விரைவிலேயே பிடிபட்டனர். செப்டம்பர் 2 அன்று லாபிஸ் பகுதியில் வான்குடை வீரர்கள் இறக்கப்பட்டனர். மறுநாள் நாடெங்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. மலேசியா ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றத்தில் முறையிட்டது. செப்டம்பர் 17 அன்று அங்கு வந்த தீர்மானத்தைச் சோவியத் நாடு தன் தடை வாக்கினால் வீழ்த்திற்று. 1966 ஆகஸ்ட் 11 அன்று ஜகார்த்தாவில் உடன்பாடு கையெழுத்தான பின்னரே பகைமை ஓய்ந்தது.

இவ்வரலாற்றில் அன்பர்கள் கருத்தில் கொள்ள வேண்டிய குறிப்பொன்று உண்டு. பிரிட்டிஷ் அரசு தன் பொதுப்பணிப் பதக்கத்தின் நாடாவில் பொருத்துவதற்கு 'மலாய்த் தீபகற்பம்' எனப் பெயர் பொறித்த உலோகப் பட்டை ஒன்றை வழங்கிற்று. அதற்குரிய காலம் 1964 ஆகஸ்ட் 17 அன்று தொடங்குகிறது. அஃதாவது, பொந்தியான் கரையில் அந்நியப் படகு தட்டிய நாளே ஆயிரக்கணக்கான வீரர்களின் மார்பில் தொங்கும் வெள்ளிப் பதக்கத்திற்குத் தொடக்க நாளாயிற்று. நம் நாட்டுச் சிற்றூர் ஒன்றின் ஓர் இரவு, இலண்டனில் எழுதப்பட்ட விதியொன்றில் என்றும் நிலைத்துவிட்டது. அந்த நாளுக்கு முன் ஊர் திரும்பிய வீரர் அப்பட்டைக்கு உரியவர் அல்லர். நாட்காட்டியின் ஒரு தாளே உரிமையையும் இன்மையையும் பிரித்துவிடுகிறது.

பதக்க விதிகளின் இயல்பு இதுதான். இத்தனை நாள் பணி, இன்ன எல்லைக்குள், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று அவை கோடு கிழிக்கின்றன. கோடு இல்லையேல் பதக்கத்திற்கு மதிப்பில்லை. ஆனால் கோட்டுக்கு வெளியே நின்றவனும் அதே மழையில் நனைந்தான். அதே கொசுக்கடியைத் தாங்கினான். காலந்தாழ்ந்த விண்ணப்பங்கள் பெரும்பாலும் இந்தக் கோட்டின் ஓரத்திலிருந்தே எழுகின்றன.

இனி, நம் நாடே வழங்கிய பதக்கம் ஒன்றின் கதையைக் காண்போம். மலேசிய அரசு 2004இல் 'பிங்காட் ஜாசா மலேசியா' என்னும் பதக்கத்தை ஏற்படுத்திற்று. 1957 ஆகஸ்ட் 31 முதல் 1966 ஆகஸ்ட் 12 வரையுள்ள காலத்தில், அவசரகாலத்திலும் பகைமைக் காலத்திலும் இந்நாட்டைக் காத்து நின்ற காமன்வெல்த் நாட்டு வீரர்களுக்கும் அதனை வழங்க முன்வந்தது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து அரசுகள் தம் வீரர்கள் அதனைப் பெறவும் அணியவும் இசைந்தன. பிரிட்டிஷ் அரசோ 2006 ஜனவரியில் விந்தையானதொரு முடிவைக் கூறிற்று: வீரர்கள் பதக்கத்தைப் பெற்றுக்கொள்ளலாம்; அணிதல் கூடாது. பரிசிலை ஏற்றுப் பெட்டிக்குள் பூட்டிவை என்பது போன்றது இது.

அம்முடிவிற்கு அவர்கள் காட்டிய காரணங்கள் இரண்டு. ஐந்தாண்டுக்கு முற்பட்ட பணிக்காக அயல்நாட்டுப் பதக்கத்தை ஏற்பதில்லை என்பது ஒன்று. ஒரே பணிக்கு இரு பதக்கம் கூடாது, தாமே முன்பு ஒன்று தந்துவிட்டோம் என்பது மற்றொன்று. இவ்விதிகளை அறவே தவறென்று தள்ளிவிடவும் இயலாது. அளவின்றி வழங்கப்படும் பதக்கம் வெறும் தகடாகிவிடும். நாளும் புதுப் பதக்கம் கோருவோரை எங்கேனும் நிறுத்தத்தான் வேண்டும். ஆயினும், காக்கப்பட்ட நாடு தானே முன்வந்து நன்றி கூறும்போது, காத்தவனின் அரசு இடையில் நின்று கைகட்டச் சொல்லுதல் முறையா? முதிய வீரர்கள் இதனைக் கேட்டனர், விடாது கேட்டனர். ஆண்டுகள் சில கழிந்த பின்னர் அணியும் அனுமதி கிடைத்தது. அதற்குள் பலர் அணியாமலே மறைந்தனர்.

இதுபோன்ற தயக்கம் இதற்கு முன்பும் நிகழ்ந்ததுண்டு. 1966 ஆகஸ்ட் 18 அன்று வியட்நாமில் லோங் தான் என்னுமிடத்தில் ஆஸ்திரேலியக் காலாட்படைக் குழு ஒன்று தன்னினும் பன்மடங்கு பெரிய படையை எதிர்த்து நின்றது. தென் வியட்நாம் அரசு அவ்வீரர்களுக்குப் பதக்கம் சூட்ட விரும்பிற்று. அயல்நாட்டுப் பதக்கத்திற்கு அனுமதி வரவில்லை. ஆகவே, விழா நாளில் வீரர்களுக்குப் பொம்மைகளும் சுருட்டுப் பெட்டிகளும் பரிசாகத் தரப்பட்டன! அக்குழுவின் தலைவராக இருந்த ஹாரி சுமித், முன்பு மலாயாவின் அவசரகாலத்திலும் பணியாற்றியவர். தம் வீரர்களுக்குப் பரிந்துரைத்த விருதுகள் மேலிடத்தில் குறைக்கப்பட்டன என்று அவர் பல்லாண்டுகள் வாதாடினார். போர் முடிந்து ஐம்பது ஆண்டு நிறைந்த 2016இல், அவருடைய வீரர்கள் பத்துப் பேருக்கு உயர்த்தப்பட்ட விருதுகள் ஏற்கப்பட்டன. 2023இல் அவர் மறைந்தார். கேட்டவர் உயிரோடிருக்கும்போதே விடை வந்தது பெரும்பேறு.

அத்தகைய பேறு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. ஆஸ்திரேலியக் கடற்படையைச் சேர்ந்த டெடி ஷீன் என்னும் இளைஞர் 1942 டிசம்பர் 1 அன்று, மூழ்கும் கப்பலிலிருந்து தப்பாமல், துப்பாக்கியோடு தம்மைப் பிணைத்துக்கொண்டு சுட்டவாறே கடலில் ஆழ்ந்தார். அவருக்குக் கிடைத்தது அறிக்கையில் பெயர் குறிப்பிடும் சிறுசிறப்பே. உறவினரும் அவருடைய தாஸ்மேனிய மக்களும் நெடுங்காலம் முறையிட்டதன் பயனாக, 2020இல் அவருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. எழுபத்தெட்டு ஆண்டுகள்! ஆர்க்டிக் கடலில் பனியிடையே சரக்குக் கப்பல்களைக் காத்த பிரிட்டிஷ் மாலுமிகளுக்கும் 2013இல்தான் தனி விருது கிடைத்தது. எனவே, காலம் கடந்தது என்னும் ஒரே காரணத்தால் கோரிக்கை பொருளற்றதாகி விடுவதில்லை என்று பிற நாடுகள் ஏற்றுக்கொண்டுள்ளன என்பது தெளிவு.

இத்துணை காலந்தாழ்ந்து ஏன் கேட்கின்றனர் என்று வினவுவோர் உளர். படையிலிருந்து வெளியேறிய இளைஞனுக்கு முதல் கவலை வேலை. அடுத்த கவலை பிள்ளைகளின் கல்வி. பதக்கம் நினைவிற்கு வருவது ஓய்வுக்குப் பின்னரே. விதிகளும் இடையிடையே மாறுகின்றன. மாறியதை ஊருக்கு ஊர் பறையறைந்து எவரும் சொல்வதில்லை. தோழன் ஒருவனின் இறுதிச் சடங்கில் அவன் பதக்கங்களைக் கண்டு, "எனக்கும் இது உரியதாயிற்றே" என்று ஒருவர் உணரக்கூடும். பேரப்பிள்ளை வினவும் ஒரு கேள்வியும் பழைய பெட்டியைத் திறக்கச் செய்யும். பெட்டிக்குள் பணிச் சான்று இருந்தால் விண்ணப்பம் நடக்கும். கரையான் தின்றிருந்தால் அங்கேயே நிற்கும்.

இங்கேதான் நம் தமிழ்ச் சமுதாயம் தன்னை நோக்கிச் சிந்திக்க வேண்டும். இந்நாட்டுத் தமிழருள் இராணுவத்திலும் காவல் படையிலும் பணிபுரிந்தோர் உண்டு. இரண்டாம் உலகப் போரில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களுக்கு வெற்றி பெற்ற அரசு பதக்கம் தரவில்லை; தரும் என்று எவரும் எதிர்பார்க்கவுமில்லை. சுதந்திர இந்தியா, விடுதலையின் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவான 1972இல் தியாகிகளுக்குச் செப்புப் பட்டயமும் ஓய்வூதியத் திட்டமும் தந்தது; அத்திட்டத்தில் தேசிய இராணுவத்தினரும் அடங்குவர். ஆனால் சிறையிருந்தமைக்குச் சான்று வேண்டும். இல்லையேல் உடன் சிறையிருந்தோரின் உறுதிமொழி வேண்டும். படை கலைந்ததும் சத்தமின்றிப் பால்வெட்டச் சென்றுவிட்ட ஒருவருக்கு எந்தத் தாள் இருந்திருக்கும்? ஜான்சி ராணிப் படையின் துணைத் தலைவியாக விளங்கிய நம் ஜானகி ஆதி நாகப்பனுக்கு இந்திய அரசு 2000ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அளித்தது. பெருமைக்குரிய செய்தி. ஆயினும் அவரோடு அணிவகுத்து நின்ற தோட்டத்துப் பெண்கள் பலரின் பெயரையும் எந்த ஏடும் அறியாது.

சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்ட நம் தொழிலாளரின் நிலை இதனினும் கொடிது. அவர்கள் படைவீரர் அல்லர். ஆகவே பதக்க விதி எதிலும் அவர்களுக்கு இடமில்லை. போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாகப் பேணப்படுகின்றன, பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. நம்மவரின் எண்ணிக்கை கூட மதிப்பீடாகவே நிற்கிறது. இவர்களுக்காக விண்ணப்பம் எழுத எவரும் இல்லை என்பதை நினைக்கும்போதுதான், விண்ணப்பம் எழுதும் கிழவரின் அருமை நமக்கு விளங்கும். அவர் தம் பெயர் ஏட்டில் சேர வேண்டும் என்று கேட்கும்போது, அவர் அருகே நின்றவர்களின் நினைவும் ஏட்டுக்கு வருகிறது. ஒரு பதக்க விசாரணைக்காகத் தோண்டி எடுக்கப்படும் நாட்குறிப்பும் ஆணைத்தாளும் வரலாற்றாசிரியனுக்குக் கிடைக்கும் செல்வமாகும்.

ஆகவே செய்ய வேண்டியது யாது? கோரிக்கை ஒவ்வொன்றும் ஏற்கப்பட்டே ஆக வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. சான்றின்றிப் புகழ் தேடுவோரும் உலகில் உண்டு. ஆராய்ந்தே தருதல் வேண்டும். ஆனால் ஆராயாமலே 'காலம் கடந்தது' என்று கதவை அடைத்தல் அறமன்று. மறுத்தாலும் காரணம் கூறி மறுத்தல் வேண்டும்; அதுவும் விண்ணப்பித்தவர் உயிரோடிருக்கும்போதே கூறுதல் வேண்டும். இல்லங்களில் நாம் செய்யக் கூடியதும் உண்டு. தந்தையின், பாட்டனாரின் பணிச் சான்று, பணி எண், சீருடையில் எடுத்த நிழற்படம், பழைய கடிதம் ஆகியவற்றைப் பேணுவோம். படத்தின் பின்புறம் ஊரையும் ஆண்டையும் எழுதிவைப்போம். நினைவு தெளிவாக உள்ளபோதே அவர்கள் கூறுவதைக் கேட்டு எழுதுவோம். தீபாவளிக்குத் தோட்டத்து வீட்டைத் துப்புரவு செய்யும் வேளையில் குப்பையோடு போய்விடும் ஒரு பழுப்புத் தாள், ஒரு மனிதரின் இளமை முழுவதற்கும் ஒரே சாட்சியாக இருக்கலாம்.

பொந்தியான் கரையில் இன்று குடும்பத்தோடு கடற்காற்று வாங்க வருவோர், 1964இன் அந்த இரவை எண்ணுவதில்லை. எண்ணாமல் இருக்கும்படியான அமைதியை ஈட்டித் தந்தவர்கள், தம் பெயரை மட்டும் எண்ணிப் பார்க்கும்படி நம்மை வேண்டுகின்றனர். அவர்கள் கேட்பது சிறிது; கேட்கும் காலமோ இனி மிகக் குறைவு.