'கிரீன் கார்டை கேன்சல் பண்ணிடுவேன்'... பிரிந்துபோன கணவனோ மனைவியோ உண்மையில் என்ன செய்ய முடியும்? முழு விளக்கம்

அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரைத் திருமணம் செய்துகொண்டு, கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் தம்பதிகள் தமிழ்க் குடும்பங்களிலும் உண்டு. கார்டு கைக்கு வரும் முன்பே இருவரும் பிரிந்துவிட்டால் என்ன ஆகும்? "ஒரு லெட்டர் போட்டா போதும், உன் கிரீன் கார்டு கேன்சல்" என்ற மிரட்டல் உண்மையா?

பாதி உண்மை, பாதி பொய். விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே பதில் மாறும்.

ஒன்றல்ல, மூன்று படிவங்கள்

பலரும் இதை ஒரே விண்ணப்பம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் மூன்று முக்கியப் படிவங்கள் உள்ளன.

* ஐ-130: "இவர் என் கணவர் / மனைவி" என்று ஸ்பான்சர் செய்பவர் கொடுக்கும் மனு. அமெரிக்கக் குடிமகனோ, கிரீன் கார்டு வைத்திருப்பவரோ கொடுக்கலாம்.

* ஐ-485: ஏற்கெனவே அமெரிக்காவில் இருக்கும் துணை, "எனக்கு கிரீன் கார்டு கொடுங்கள்" என்று தன் பெயரில் போடும் விண்ணப்பம். இந்தியாவில் இருப்பவருக்கு இதற்குப் பதிலாக, தூதரகம் வழியாகக் குடியேற்ற விசா.

* ஐ-864: "இவருடைய செலவுக்கு நான் பொறுப்பு" என்று ஸ்பான்சர் கையெழுத்திடும் உத்தரவாதம்.

யார் எதை வாபஸ் வாங்கலாம்?

அவரவர் கையெழுத்திட்டதை அவரவர்தான் வாபஸ் வாங்க முடியும். ஸ்பான்சர் ஐ-130 மனுவையும் ஐ-864 உத்தரவாதத்தையும் திரும்பப் பெறலாம். துணையின் பெயரில் உள்ள ஐ-485 விண்ணப்பத்தில் அவர் கைவைக்க முடியாது.

ஆனால் ஐ-130 போய்விட்டால், அதை நம்பி நிற்கும் ஐ-485 தானாகவே ஆட்டம் காணும். அடிப்படை மனு இல்லை என்று சொல்லி அதை நிராகரித்துவிடுவார்கள். மிரட்டலில் உள்ள பாதி உண்மை இதுதான்.

இதை போனில் சொல்லி முடிக்க முடியாது. மனு கொடுத்தவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். இருவரின் பெயர், பிறந்த தேதி, ரசீது எண் குறிப்பிட்டு, "இந்த மனுவை வாபஸ் பெறுகிறேன்" என்று எழுதி, ஃபைல் இருக்கும் குடியேற்ற அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். ஃபைல் தூதரகம் வரை போயிருந்தால் அங்கும் தெரியப்படுத்த வேண்டும்.

எதுவரை முடியும்?

அமெரிக்காவில் இருப்பவர் விஷயத்தில், கிரீன் கார்டுக்கு ஒப்புதல் கிடைக்கும் வரை. இந்தியாவிலிருந்து போகிறவர் விஷயத்தில், ஐ-130 ஏற்கப்பட்ட பிறகும்கூட, அவர் அமெரிக்காவில் நிரந்தரக் குடியிருப்பாளராக அனுமதிக்கப்படும் வரை அந்த மனுவை வாபஸ் வாங்கலாம். ஐ-864 உத்தரவாதத்தை மட்டும் விசா கொடுக்கப்படும் முன்பே எழுத்துப்பூர்வமாகத் திரும்பப் பெற வேண்டும்.

கிரீன் கார்டு கிடைத்துவிட்டால் கதையே வேறு. அதற்குப் பிறகு "வாபஸ்" என்ற பேச்சுக்கே இடமில்லை. கணவனோ மனைவியோ ஒரு கடிதம் போட்டு அதை ரத்து செய்ய முடியாது.

கோபத்தில் கடிதம் போட்டுவிட்டு, பிறகு சமாதானம் ஆனால்?

ஒருமுறை வாபஸ் வாங்கினால் வாங்கியதுதான். அந்த வாபஸை வாபஸ் பெற முடியாது. கட்டிய கட்டணமும் திரும்பி வராது. மீண்டும் சேர்ந்தால் புது மனு, புதுக் கட்டணம், முதலிலிருந்து காத்திருப்பு. பழைய ஃபைலில் இருப்பதையும் புது மனுவோடு வைத்துப் பார்ப்பார்கள். சண்டை நடந்த இரவே கடிதம் எழுதக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

பிரிந்து வாழ்ந்தாலே மனு செல்லாதா?

தனித்தனி வீட்டில் இருப்பது மட்டுமே விவாகரத்து ஆகாது. திருமணம் செய்தபோது உண்மையாகவே சேர்ந்து வாழும் எண்ணம் இருந்ததா என்பதுதான் முக்கியக் கேள்வி. ஆனால் நேர்காணலில் "ஒன்றாகத்தான் இருக்கிறோம்" என்று பொய் சொன்னால் இருவருக்கும் சிக்கல்.

கிரீன் கார்டு கிடைக்கும் முன்பே விவாகரத்து ஆகிவிட்டால், யாரும் கடிதம் எழுத வேண்டியதே இல்லை. ஏற்கப்பட்ட ஐ-130 மனுவும் தானாகவே ரத்தாகும்.

விண்ணப்பித்தவருக்கு என்ன பாதிப்பு?

ஐ-485 நிலுவையில் இருப்பதை வைத்துத்தான் வேலை அனுமதி அட்டையும் பயண அனுமதியும் கொடுத்திருப்பார்கள். விண்ணப்பம் போனால் அவையும் போகும்.

எச்-1பி அல்லது மாணவர் விசா நிலையை விடாமல் காப்பாற்றி வந்தவர்கள் அதில் தொடரலாம். வேறு எந்த விசாவும் கையில் இல்லை என்றால், நிராகரிப்புக்குப் பிறகு சட்டவிரோதமாகத் தங்கிய நாட்கள் எண்ணப்படத் தொடங்கும். அது 180 நாளைத் தாண்டிய பிறகு நாட்டைவிட்டு வெளியேறினால் மூன்று ஆண்டு தடை. ஓர் ஆண்டை எட்டினால் பத்து ஆண்டு தடை. நாடு கடத்தல் வழக்குக்கான நோட்டீசும் வரலாம்.

அடி, சித்திரவதை இருந்தால்?

1994-ல் வந்த பெண்கள் மீதான வன்முறைத் தடுப்புச் சட்டம் இங்கே கைகொடுக்கும். வன்முறைக்கோ கடும் கொடுமைக்கோ ஆளானவர், ஐ-360 படிவத்தில் தன் பெயரில் தானே மனு போடலாம். ஸ்பான்சரின் கையெழுத்தும் வேண்டாம், சம்மதமும் வேண்டாம். அவர் ஐ-130 மனுவை வாபஸ் வாங்கினாலும் இந்த வழி அடைபடாது. மனு போட்ட தகவலை அவருக்குச் சொல்லவும் மாட்டார்கள். பெயரில் "பெண்கள்" என்று இருந்தாலும் ஆண்களும் இதைப் பயன்படுத்தலாம். விவாகரத்து ஆகியிருந்தால், அதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.

ஸ்பான்சர் தெரிந்துகொள்ள வேண்டியது

"டைவர்ஸ் ஆகிடுச்சு, இனி நமக்கு சம்பந்தம் இல்லை" என்று நினைப்பது தவறு. ஐ-864 என்பது சட்டப்படி செல்லும் ஒப்பந்தம். வறுமைக் கோட்டு அளவில் 125 சதவீத வருமானத்துக்குக் குறையாமல் துணையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அதில் இருக்கிறது. கிரீன் கார்டு கிடைத்த பிறகு விவாகரத்து ஆனாலும் அது முடிவதில்லை. கார்டு பெற்றவர் குடியுரிமை பெறுவது, சுமார் பத்து ஆண்டு வேலைக்கான கணக்கு சேர்வது, நிரந்தரமாக நாட்டைவிட்டுப் போவது, இறப்பது போன்ற சில சூழல்களில் மட்டுமே முடியும். அதுவரை அவர் கோர்ட்டுக்குப் போய்ப் பணம் கேட்கலாம். உறவு முறிந்தது உறுதி என்றால், கார்டு வரும் முன்பே முடிவெடுப்பது ஸ்பான்சருக்கு நல்லது.

இன்னொரு விஷயம். வாபஸ் கடிதத்தில் காரணம் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ஆத்திரத்தில் "கார்டுக்காக நடந்த போலிக் கல்யாணம்" என்று எழுதினால் அது இருவரையும் தாக்கும். போலித் திருமணத்துக்கு ஐந்து ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம் உண்டு. அப்படி முடிவானால், விண்ணப்பித்தவர் பிற்காலத்தில் உண்மையாகவே வேறு திருமணம் செய்தாலும் அந்த வழியில் கிரீன் கார்டு பெற முடியாது.

இரண்டு ஆண்டு கார்டு கையில் இருந்தால்?

திருமணமாகி இரண்டு ஆண்டு முடியும் முன்பே கார்டு கிடைத்தால், அது நிபந்தனையுடன் கூடிய இரண்டு ஆண்டு கார்டு. நிபந்தனையை நீக்க ஐ-751 மனுவை இருவரும் சேர்ந்து போட வேண்டும். துணை கையெழுத்துப் போட மறுக்கலாம். ஆனால் விவாகரத்து ஆகியிருந்தால், உண்மையான திருமணம்தான் என்பதை நிரூபித்து ஒருவரே தனியாகவும் போடலாம்.

பிரிந்தவர்கள் உடனே செய்ய வேண்டியவை

* வீடு மாறினால் 10 நாளுக்குள் குடியேற்றத் துறையிடம் முகவரியை மாற்றவும். இல்லையென்றால் முக்கிய நோட்டீஸ்கள் பழைய வீட்டுக்கே போகும்.

* எல்லா ரசீது எண்களையும் படிவ நகல்களையும் தனியாக எடுத்து வைக்கவும்.

* திருமணப் புகைப்படம், கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் போன்ற சேர்ந்து வாழ்ந்ததற்கான ஆதாரங்களைப் பத்திரப்படுத்தவும்.

* இருவருக்கும் ஒரே வக்கீல் என்றால், இனி தனித்தனி வக்கீலைப் பார்ப்பது நல்லது. இந்தக் கட்டத்தில் ஒருவருக்குச் சாதகமானது மற்றவருக்குப் பாதகமாக முடியலாம்.