24 விநாடிக் கணக்கு

மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டால் நம்மில் பலர் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரில்தான் ஆரம்பிப்போம். அதை எழுத நிறையப் பேர் இருப்பதால், நான் ஒரு கடிகாரத்தின் கதையைச் சொல்கிறேன். வேலை நிமித்தம் பிலடெல்பியாவில் இருக்கும் நான், அவ்வூர் 'செவன்டி சிக்ஸர்ஸ்' அணியின் கூடைப்பந்து ஆட்டம் பார்க்கப் போன இடத்தில் கிடைத்த சரித்திரம் இது.

கூடைப் பலகைக்கு மேலே சிவப்பு எண்களில் ஒரு கடிகாரம் இருக்கும். ஓர் அணியின் கைக்குப் பந்து வந்ததும் அது 24-லிருந்து இறங்க ஆரம்பிக்கும். பூஜ்யம் ஆவதற்குள் பந்து கூடையை நோக்கிக் கையை விட்டுப் போய்விட வேண்டும். போன பந்து வளையத்தையாவது தொட வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு! நம்ம ஊர் சடுகுடுவில் பாடிப் போகிறவனுக்கு மூச்சுதான் கடிகாரம். இங்கே மின்சாரக் கடிகாரம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதுசரி, ஏன் 24? முழுசாக 25 என்றோ 30 என்றோ வைத்திருக்கலாமே? பக்கத்து ஸீட்டில் இருந்த பெரியவரிடம் கேட்டேன். "அதுவா? அது எங்க ஊர்க் கணக்கு. சொல்லப்போனா இந்த டீமே எங்க ஊர்லேர்ந்து வந்ததுதான்" என்றார். அவர் ஊர் சைரக்யூஸ், நியூயார்க் மாநிலத்தின் நடுவில் இருக்கும் நடுத்தர ஊர். அவர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துத் தருகிறேன்.

1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், பீச் பழக்கூடைகளை மாட்டி இந்த ஆட்டத்தைத் தொடங்கினார். (அதே கல்லூரியில் படித்த எச்.சி. பக்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பித்தவர்.) நெய்ஸ்மித் எழுதிய விதிகள் 13. பந்து கைக்கு வந்தால் எவ்வளவு நேரத்துக்குள் கூடையில் போட முயல வேண்டும் என்று அவற்றில் ஒரு விதியும் இல்லை. விளையாட வந்தவன் விளையாடாமல் இருப்பானா என்று நினைத்திருக்கலாம்.

பணம் வாங்கி ஆடும் லீக் வந்ததும் இந்த ஓட்டை பெரிதானது. 1950 நவம்பர் 22 அன்று மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியை அதன் சொந்த ஊரிலேயே ஃபோர்ட் வேன் பிஸ்டன்ஸ் சந்தித்தது. லேக்கர்ஸில் ஆறடி பத்தங்குல ஜார்ஜ் மைக்கன். அவரிடம் பந்து போனால் ஆபத்து! ஆகவே ஃபோர்ட் வேன்காரர்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். 48 நிமிட ஆட்டத்தின் முடிவு 19-18. லேக்கர்ஸின் 18-ல் 15 மைக்கன் எடுத்தது. டிக்கெட் வாங்கி வந்த ஜனங்கள் கூச்சல் போட்டதில் ஆச்சரியமில்லை.

முன்னிலையில் இருப்பவன் பந்தைப் பதுக்குவான். பிடுங்க வருகிறவன் ஃபவுல் செய்வான். பிறகு ஃப்ரீ த்ரோ. 1953 மார்ச்சில் பாஸ்டனும் சைரக்யூஸும் மோதிய ஆட்டம் நான்கு முறை கூடுதல் நேரத்துக்குப் போனது. மொத்த ஃபவுல்கள் 106! பாஸ்டனின் பாப் கூஸி எடுத்த 50 புள்ளிகளில் 30 ஃப்ரீ த்ரோவில் வந்தவை. 1949-50 சீசனில் 17 அணிகள் இருந்த லீக், 1953-54-ல் 9 அணிகளாகச் சுருங்கிவிட்டது.

இந்த நிலையில் வழி சொன்னவர் சைரக்யூஸ் நேஷனல்ஸ் அணியின் சொந்தக்காரர் டேனி பயசோன். இத்தாலியில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா வந்தவர். பவுலிங் விளையாட்டுக் கூடம் நடத்திப் பிழைத்தவர். அவரும் அணியின் மேலாளர் லியோ ஃபெரிஸும் போட்ட கணக்கு, நம்ம முதல் வருஷப் பையன்கூடப் போடக்கூடியது. ரசிகர்கள் விரும்பிப் பார்த்த நல்ல ஆட்டங்களில் ஒவ்வொரு அணியும் சுமார் 60 முறை கூடைக்கு எறிந்திருந்தது. இரண்டுக்கும் சேர்த்து 120. ஆட்ட நேரம் 48 நிமிடம், அதாவது 2,880 விநாடி. 2,880-ஐ 120-ஆல் வகுத்தால் 24. தீர்ந்தது விஷயம்!

1954 ஆகஸ்டில் மற்ற அணிகளின் முதலாளிகளை வரவழைத்து, சைரக்யூஸில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆடிக் காட்டினார்கள். அந்த சீசனிலேயே விதி அமலுக்கு வந்தது. அணிக்குச் சராசரி 79.5 புள்ளியாக இருந்தது, ஒரே வருஷத்தில் 93.1 ஆனது. 1955-ல் சாம்பியன் பட்டமும் சைரக்யூஸுக்கே. இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் 92-91 என்று அவர்கள் தோற்கடித்தது யாரைத் தெரியுமா? பந்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே ஃபோர்ட் வேனை! 1950-ல் இந்த லீக்கில் ஆடிய முதல் கறுப்பினத்தவரான எர்ல் லாய்டும் அந்த வெற்றி அணியில் இருந்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் பெரியவருக்கு மனக்குறை இருந்திருக்காது. லீக் பிழைத்தது, வளர்ந்தது. பெரிய அரங்கு, பெரிய நகரம் என்று ஆனபோது, சின்ன ஊர் அணிக்குக் கட்டுப்படியாகவில்லை. 1963-ல் பயசோன் அணியை விற்றார். அது பிலடெல்பியாவுக்குப் போய் 'செவன்டி சிக்ஸர்ஸ்' ஆனது. "ஆட்டத்தைக் காப்பாத்தினது நாங்க. ஆனா டீம் எங்ககிட்ட இல்லை" என்றார் பெரியவர், கண்ணைக் கடிகாரத்திலிருந்து எடுக்காமலே. பயசோன் 1992-ல் காலமானார். கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 2000-ல்தான். 2005-ல் சைரக்யூஸின் ஆர்மரி சதுக்கத்தில் அந்தக் கடிகாரத்துக்கே நினைவுச் சின்னம் வைத்தார்கள்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. ஒரு அமைப்பு கெட்டுப்போனால், எங்கே கெட்டது என்று மட்டும்தான் நாம் பொதுவாகத் தேடுவோம். பயசோனும் ஃபெரிஸும் அந்த 19-18 ஆட்டத்தை வைத்துக் கணக்குப் போடவில்லை. நன்றாக நடந்த ஆட்டங்களை எடுத்து எண்ணினார்கள். 24 அங்கிருந்துதான் வந்தது. நம்ம தொழிலில் எந்தப் பாடப் புத்தகத்துக்கும் குறையாத பாடம் இது.