பனி நாட்டில் பாபரின் தோட்டங்கள்

பாபரைப் பற்றி எழுதுவோர் 1526இல் நடந்த பானிப்பட்டுப் போரையே முதன்மைப்படுத்துவர். ஆனால் அவர் துருக்கி மொழியில் எழுதிய 'பாபர் நாமா'வைப் படிப்பவருக்குப் போர்வீரரோடு ஒரு தோட்டக்காரரும் தென்படுகிறார். அந்தத் தோட்டக்காரரைப் பற்றியதே இக்கட்டுரை.

1504இல் பாபர் கைப்பற்றிய காபூல், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1800 மீற்றர் உயரத்தில் உள்ளது. குளிர்காலத்தில் அங்கு பனி கொட்டும். பெரும்பாலான மரங்கள் இலையின்றி நிற்கும். அத்தகைய நாட்டில் வசந்தகாலப் பூக்களை மட்டும் எண்ணி மரம் தெரிவு செய்தால், சில வாரங்களிலேயே தோட்டத்தின் அழகு முடிந்துவிடும். மற்ற மாதங்களுக்கு எதை நடுவது? இதற்குப் பாபர் கண்ட விடைகள் அவரது நூலெங்கும் சிதறிக் கிடக்கின்றன.

வசந்தத்துக்கு அர்கவான். இலை வருமுன்னரே கிளையெல்லாம் பூக்கும் மரம் அது. காபூலுக்கு வடக்கே ஓர் ஊற்றைச் சுற்றிக் கரை கட்டுவித்து, அது பூக்கும் காலத்தில் அமர்ந்து பார்க்க இடமும் அமைத்தார். மலையடிவாரத்துத் துலிப் மலர்களை எண்ணச் செய்து, முப்பதுக்கு மேற்பட்ட வகைகள் உண்டெனக் குறித்தார். கோடைக்குச் சினார் மரத்தின் நிழல். அதோடு, வெளியிலிருந்து கன்று கொண்டுவந்து நட்ட புளிப்புச் செரி. இலையுதிர்காலத்தையும் அவர் வீணான காலமாகக் கருதவில்லை. 1519இல், நிறம் மாறிய இளம் ஆப்பிள் மரமொன்றின் கிளைகளில் எஞ்சியிருந்த ஐந்தாறு இலைகளை ஓவியனாலும் வரைய முடியாத அழகென வியந்து எழுதுகிறார்.

குளிர்காலத்துக்கு அவர் கண்ட வழி வேறு. காபூலிலிருந்து ஒருநாள் பயணத்தில் பனியே விழாத நிலத்தை அடையலாம் என்பதை அவர் கவனித்திருந்தார். ஆகவே, குளிர் கடுமையில்லாத ஜலாலாபாத் பக்கத்தில் 1508-09 அளவில் 'பாகே வஃபா' என்ற தோட்டத்தை அமைத்தார். தோடையும் மாதுளையும் அங்கு செழித்தன. பின்னர் கரும்பும், பஞ்சாபிலிருந்து வந்த வாழையும் அங்கேயே நடப்பட்டன. பனி தாங்காத செடியைப் பனியில் நட்டு அவர் வருந்தவில்லை. செடிக்கேற்ற நிலத்தைத் தேடினார்.

1530இல் ஆக்ராவில் மறைந்த அவரது உடல் முதலில் அங்கேயே அடக்கப்பட்டு, பின்னர் காபூல் தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1990களின் உள்நாட்டுப் போரில் அந்தத் தோட்டம் சிதைந்தது, மரங்கள் அழிந்தன. 2002க்குப் பின்னர் ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை அதைப் புனரமைத்தபோது எந்த மரங்களை நடுவது என்ற கேள்வி எழுந்தது. அகழ்வாய்வோடு, நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பழைமையான 'பாபர் நாமா'வும் துணை நின்றது. சினார், அக்ரூட், முசுக்கொட்டை, புளிப்புச் செரி ஆகியன மீண்டும் அங்கு வேரூன்றின. கோடரிக்கு இரையானதை எழுத்து காத்து வைத்திருந்தது எனலாம்.

இதில் நமக்கும் ஒரு செய்தி உண்டு. படுவான்கரையில் பனிக்காலம் இல்லை. இங்கு செடிகளுக்குச் சோதனை நீண்ட கோடைதான். 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளியிலும் பின்னர் வந்த போரிலும் மட்டக்களப்பு எண்ணற்ற மரங்களை இழந்தது. எந்த வளவில் எந்த மரம் நின்றது, எது எந்த மாதம் பூத்தது, எது வரட்சியிலும் பச்சையாக நின்றது என்பனவற்றை இன்று முதியோரிடம்தான் கேட்டறிய வேண்டியுள்ளது. அவர்கள் இருக்கும்போதே எமது மாணவர் ஓர் அப்பியாசக் கொப்பியில் இவற்றைப் பதிய வேண்டும். மரம் நடுகை விழாக்களில் கிடைத்த கன்றை நடுகிறோம். எந்தக் கன்றை நடவேண்டும் என்பதை அந்தக் கொப்பி சொல்லும்.