உறைந்த மண் இளகும்போது: தண்டரா நிலமும் இடம்பெயர்ந்த ஒரு கிராமமும்

பாடசாலையில் நான் படித்த புவியியலில் தண்டரா (தூந்திரா என்றும் எழுதுவார்கள்) சில வரிகளில் முடிந்துவிட்டது. குளிர், பனி, பனிமான், அவ்வளவுதான். மீள்குடியேற்றம் பற்றி எழுதத் தொடங்கிய பின்னர், அலாஸ்காவின் ஒரு கிராமத்தைப் பற்றி வாசித்தபோதுதான் அந்த நிலத்தை மறுபடி தேடிப் படித்தேன்.

காலநிலை

அலாஸ்கா, வட கனடா, கிறீன்லாந்தின் கரையோரங்கள், ஸ்கண்டிநேவியாவின் வடமுனை, சைபீரியாவின் வட எல்லை ஆகிய இடங்களில் ஆட்டிக் தண்டரா பரந்துள்ளது. ஆண்டின் மிக வெப்பமான மாதத்திலும் சராசரி வெப்பநிலை 10 பாகை செல்சியஸைத் தாண்டாது. மரங்கள் வளராததற்கு இதுவே முதற்காரணம். உள்நிலப் பகுதிகளில் குளிர்காலத்தில் வெப்பநிலை மறை 30 பாகைக்குக் கீழே இறங்குவது சாதாரணம். ஆட்டிக் வட்டத்துக்கு வடக்கே மாரியில் பல நாட்கள் சூரியன் உதிக்காது, கோடையில் பல நாட்கள் மறையாது.

பெரும்பாலான இடங்களில் ஆண்டு மழையும் பனியும் சேர்ந்து 150 முதல் 250 மில்லிமீற்றர் மட்டுமே. பாலைவனத்துக்குக் கிடைக்கும் அளவுதான் இது. ஆனாலும் கோடையில் அந்த நிலம் எங்கும் சதுப்பும் குட்டைகளுமாக இருக்கும். காரணம் மண்ணுக்குள் இருக்கிறது.

நிலம்

இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ தொடர்ந்து உறைந்திருக்கும் மண்ணை நிரந்தர உறைமண் என்கிறார்கள். சைபீரியாவின் சில இடங்களில் இது 500 மீற்றருக்கும் கூடிய ஆழம் வரை செல்கிறது. கோடையில் மேற்படை மட்டும் இளகும். பல இடங்களில் அது ஒரு மீற்றர்கூட இராது. உருகிய நீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே தேங்குகிறது.

கடுங்குளிரில் மண் வெடிக்கும். வெடிப்புக்குள் நீர் புகுந்து உறையும். இது ஆண்டுக்கணக்காகத் தொடர்வதால், வானிலிருந்து பார்த்தால் வரம்பு கட்டிய வயல்கள் போன்ற பல்கோண வடிவங்கள் தெரியும். சில இடங்களில் நிலத்தடிப் பனிக்கட்டி மண்ணை மேலே தள்ளிக் குன்றாக்குகிறது. கனடாவின் துக்தோயாக்துக் அருகேயுள்ள இப்யுக் குன்று ஏறத்தாழ 50 மீற்றர் உயரமானது.

உயிர்கள்

பாசி, இலைக்கன், புற்கள், தரையோடு படரும் குட்டை வில்லோ ஆகியவையே இங்குள்ள தாவரங்கள். அவை வளரக் கிடைப்பது சில வாரங்கள்தான். அந்த வாரங்களில் நுளம்பும் பூச்சியும் பெருகும். அவற்றை உண்டு குஞ்சு பொரிக்கப் பறவைகள் வந்து சேரும். சைபீரியத் தண்டராவில் முட்டையிடும் உள்ளான் இனங்கள் சில குளிர்காலத்தை எங்கள் மன்னார், யாழ்ப்பாணக் கடல்நீரேரிகளில் கழிக்கின்றன. மன்னாரில் காற்றாலைகள் பற்றிப் பேசும்போது வலசைப் பறவைகள் பற்றியும் பேசப்படுவது இதனால்தான்.

உருகும்போது நடப்பது

1979இற்குப் பின் ஆட்டிக் பிரதேசம் உலகச் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சூடாகியிருக்கிறது. உறைமண் பிரதேச மண்ணில் வளிமண்டலத்தில் உள்ளதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு காபன் இருக்கிறது. மண் இளக, நுண்ணுயிர்கள் பழைய தாவர எச்சங்களைச் சிதைத்துக் காபனீரொட்சைட்டாகவும் மீதேனாகவும் வெளிவிடுகின்றன. அது புவியை மேலும் சூடாக்குகிறது.

அங்கே மனிதர்களும் வாழ்கிறார்கள். சாமி, நெனெட்ஸ், இனுயிட், யூப்பிக் மக்கள் பல தலைமுறைகளாக மந்தைகளோடும் மீனோடும் இடம் மாறி வாழ்ந்தவர்கள். நான் முதலில் சொன்ன கிராமம், மேற்கு அலாஸ்காவில் நிங்லிக் ஆற்றோரம் இருந்த நியூட்டொக். பருவத்துக்கேற்ப இடம் மாறிய யூப்பிக் மக்கள், கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசு பாடசாலை கட்டிய இடத்தில் நிலையாகக் குடியமர வேண்டியதாயிற்று. அந்த இடம் தாழ்ந்த உறைமண். மண் இளக இளக ஆறு கரையைத் தின்றது. சில ஆண்டுகளில் 20 மீற்றருக்கும் அதிகமான கரை போனது.

1990களிலேயே அவர்கள் வெளியேறத் திட்டமிட்டார்கள். ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவில், மெர்ட்டார்விக் என்ற பாறைமேட்டைத் தாங்களே தேர்ந்தார்கள். அது மத்திய அரசின் காணி. காணி மாற்றத்துக்கான சட்டம் 2003இல் நிறைவேறியது. மெல்ல நிகழும் அரிப்பைப் பேரிடராக அறிவிக்கும்படி கேட்ட விண்ணப்பம் 2017இல் நிராகரிக்கப்பட்டது. முதற் குடும்பங்கள் 2019இல்தான் புது வீடுகளுக்குப் போயின. அதற்குள் ஏறத்தாழ 350 பேருக்கு ஒரு கால் நூற்றாண்டு காத்திருப்பு.

குண்டு விழுந்து ஓடியவர்களை உலகம் அகதி என்று பதிவாவது செய்கிறது. மண் கரைந்து வீடு இழப்பவர்களுக்கு அந்தப் பதிவும் எளிதில் கிடைப்பதில்லை. காணியும் வீடும் கேட்டு ஆண்டுக்கணக்காகக் கடிதம் எழுதிய எங்கள் வாசகர்களுக்கு, மனுவும் மறுப்பும் நிறைந்த அந்தக் கால் நூற்றாண்டை நான் விளக்கத் தேவையில்லை.